விளாதிமிரும் வொலொதிமிரும்

பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் கீவ் நகரில் அடித்த வெள்ளிக் காசு. முன்பக்கத்தில் தலையில் முடியும் கையில் சிலுவைக் கோலுமாக ஒரு மன்னன். பின்பக்கத்தில் மூன்று கவருள்ள குலச் சின்னம். 1992 முதல் உக்ரைனின் அரசு முத்திரையாக இருப்பது இதே சின்னம்தான். ஓரத்தைச் சுற்றிச் சிரில்லிக் எழுத்துகள். முன்பக்கத்தை ‘விளாதிமிர் அரியணையில்’ என்றும் பின்பக்கத்தை ‘இது அவர் வெள்ளி’ என்றும் வாசிக்க வேண்டும். வாசிப்பது எளிதல்ல. பல காசுகளில் எழுத்துகள் இடம் மாறியும் விடுபட்டும் கிடக்கின்றன. கீவ் மன்னர்கள் அதற்கு முன் காசு அடித்ததில்லை. அச்சு வெட்டியவர்களுக்கு எழுத்துப் பழக்கமும் குறைவு.

எழுத்துப் பிழைகளை விட்டுவிடலாம். பெயரைப் பாருங்கள். காசில் இருப்பது ‘விளாதிமிர்’. அந்த நகரத்துச் சந்தையில் அதே காசைக் கைமாற்றிக்கொண்டவர்களின் நாக்கில் இருந்ததோ ‘வொலொதிமேர்’. ஒரே ஆள், ஒரே பெயர், இரண்டு உச்சரிப்பு. இந்த இரட்டை வழக்கு ஆயிரம் ஆண்டு தாண்டி இன்றும் நீடிக்கிறது. ரஷ்யாவின் அதிபர் விளாதிமிர் புதின். உக்ரைனின் அதிபர் வொலொதிமிர் செலென்ஸ்கி. தமிழ்ச் செய்தித்தாளில் இருவரையும் நாள்தோறும் பார்க்கும் வாசகர்களில் எத்தனை பேருக்கு இருவர் பெயரும் ஒன்று என்று தெரியும்?

பெயரில் இரண்டு உறுப்புகள் உள்ளன. முதல் உறுப்பில் சிக்கல் இல்லை. மூல ஸ்லாவ் மொழியில் அதன் வேர் ‘வொல்த்’. ஆளுதல், அதிகாரம் செலுத்துதல் என்பது பொருள். கோத்திக் மொழியின் ‘வால்தன்’, ஜெர்மனின் ‘வால்டன்’, லிதுவேனிய மொழியின் ‘வால்திதி’ எல்லாம் இதன் உறவுகள். எல்லாமே ஆட்சி செய்வதைக் குறிப்பவை. இலத்தீனில் ‘வலிமையாக இரு’ என்று பொருள்படும் ‘வலேரே’யையும் இந்தக் குடும்பத்தோடு சேர்ப்பார்கள்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் ஆசை எழும். ‘வல்’, ‘வலி’, ‘வல்லமை’ என்று நம்மிடம் சொற்கள் வரிசையாக நிற்கின்றன, சேர்த்துவிடலாமே? சேர்க்கக் கூடாது. ஓர் அசை ஒத்துப்போவது சான்றாகாது. ஒரு மொழியின் ஒலி இன்னொரு மொழியில் எந்த ஒலியாக வரும் என்ற ஒழுங்கு பல சொற்களில் திரும்பத் திரும்பக் கிடைத்தால்தான் உறவு உறுதிப்படும். லிதுவேனிய மொழிக்கும் ஸ்லாவ் மொழிகளுக்கும் அப்படி நூற்றுக்கணக்கான சொற்களில் கிடைக்கிறது. தமிழுக்கும் அவற்றுக்கும் கிடைக்கவில்லை. சொல்லாராய்ச்சி என்ற பெயரில் உலக மொழிகளையெல்லாம் தமிழுக்குள் இழுத்துப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. தமிழுக்கு அதனால் பெருமை எதுவும் கூடுவதில்லை. நல்ல ஆய்வுக்கு இருக்கும் மதிப்பும் சேர்ந்து கெடுகிறது.

‘வொல்த்’ எப்படி இரண்டாகப் பிரிந்தது என்பது, ஸ்லாவ் மொழிகளில் மிகத் தெளிவாக நிறுவப்பட்ட ஒலி மாற்றங்களில் ஒன்று. உயிருக்கும் மெய்க்கும் நடுவே ‘ல்’ அல்லது ‘ர்’ அகப்பட்டுக்கொண்ட சொற்களை ஸ்லாவ் மக்களால் ஒரு கட்டத்துக்குமேல் அப்படியே சொல்ல இயலவில்லை. ஒவ்வொரு வட்டாரமும் ஒரு வழி கண்டது. தெற்கே பல்கேரியரும் செர்பியரும் ஒலிகளை இடம் மாற்றினார்கள்: ‘வ்லாத்’. வடக்கே போலந்துக்காரர்களும் இடம் மாற்றினார்கள். உயிர் மட்டும் ஒகரமாக நின்றது: ‘வ்லொத்’. கிழக்கே, இன்றைய உக்ரைனும் பெலாரூசும் ரஷ்யாவும் உள்ள நிலத்தில், மெய்க்குப் பின் இன்னோர் உயிரைச் சேர்த்து இழுத்தார்கள்: ‘வொலொத்’.

இதே மாற்றத்தைத் தமிழ் வாசகர் வேறு பெயர்களில் ஏற்கெனவே பார்த்திருப்பார். லெனின்கிராத், ஸ்டாலின்கிராத் என்னும் பெயர்களின் ‘கிராத்’தும் நோவ்கொரோத் என்னும் பழைய நகரின் ‘கொரோத்’தும் ஒரே சொல், இரண்டும் நகரம்தான். ‘கிராத்’ தெற்கத்தி வடிவம், ‘கொரோத்’ கிழக்கத்தி வடிவம். பாலுக்குத் தெற்கே ‘ம்லேகோ’, கிழக்கே ‘மொலொகோ’. பொன்னுக்குத் தெற்கே ‘ஸ்லாதோ’, கிழக்கே ‘சொலொதோ’. ரஷ்ய மொழி சில இடங்களில் இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுத்தது. ‘வ்லாஸ்த்’ என்றால் அதிகாரம். ‘வொலோஸ்த்’ என்றால் சில கிராமங்கள் சேர்ந்த நிர்வாகப் பகுதி. அரசாங்கம் மேலே ஒரு வடிவத்தில், ஊர்ப்புறம் கீழே இன்னொரு வடிவத்தில். நம் பெயரின் முதல் உறுப்புக்கும் இச்சொற்களுக்கும் வேர் ஒன்றே.

அப்படியானால் கீவ் மன்னனின் காசில் தெற்கத்தி வடிவம் வந்தது எப்படி? தேவாலயத்தின் வழியாக. 988-இல் அவர் கிறிஸ்தவராகி மக்களையும் திருமுழுக்குக்கு அழைத்தபோது, வழிபாட்டு நூல்கள் பல்கேரியாவிலிருந்து வந்தன. அந்த நூல்களின் மொழி தெற்கத்தி ஸ்லாவ். எழுதத் தெரிந்தவன் என்றாலே அந்த மொழியில் எழுதத் தெரிந்தவன் என்றாயிற்று. பேச்சு வொலொதிமேர், எழுத்து விளாதிமிர். ஆகவே ‘விளாதிமிர்’ பிறப்பால் ரஷ்யப் பெயர் அல்ல. ரஷ்ய மொழி திருச்சபையிடமிருந்து பெற்ற வடிவம் அது. ரஷ்யரின் சொந்த வடிவம் வீட்டுக்குள் பிழைத்திருக்கிறது. விளாதிமிர் என்பவனை ரஷ்யத் தாய் ‘வொலோத்யா’ என்றுதான் கூப்பிடுவாள். அதிலுள்ள ‘வொலொ’ அந்தப் பழைய கிழக்கத்திப் பேச்சுதான்.

இரண்டாம் உறுப்பில்தான் வழக்கு இருக்கிறது. குழந்தைப் பெயர் நூல்களைத் திறந்தால் ‘உலகை ஆள்பவன்’ என்றோ ‘அமைதியின் அரசன்’ என்றோ பொருள் போட்டிருக்கும். காரணம் எளிது. ஸ்லாவ் மொழிகளில் ‘மிர்’ என்றால் அமைதி. உலகம் என்றும் பொருள் உண்டு. அறிவியல் நூல்களைத் தமிழிலும் அச்சிட்டுத் தந்த மாஸ்கோவின் மீர் பதிப்பகத்தின் பெயர் இதுதான். 1986 முதல் 2001 வரை புவியைச் சுற்றிய மீர் விண்வெளி நிலையத்தின் பெயரும் இதுதான். வடமொழி ‘மித்ர’வோடு இச்சொல்லை ஒப்பிடும் மொழியியலாளர் பலர். அமைதியும் உலகமும் தொடக்கத்தில் ஒரே சொல்தான். பிற்கால ரஷ்ய எழுத்துமுறை அமைதிக்கு ஓர் இகரமும் உலகத்துக்கு வேறோர் இகரமும் என்று இரண்டு எழுத்துகளைப் போட்டுப் பிரித்தது. தால்ஸ்தாயின் ‘போரும் அமைதியும்’ தலைப்பில் வருவது அமைதியின் இகரம். விளாதிமிர் என்ற பெயரிலோ உலகத்தின் இகரம் எழுதப்பட்டது. 1918-இன் எழுத்துச் சீர்திருத்தம் அந்த வேறுபாட்டையே நீக்கியது.

ஆனால் பழைய ஏடுகள் வேறு சொல்கின்றன. கிழக்கத்தி நாளாகமங்களில் பெயரின் ஈறு ‘மேர்’. இந்த ஏகாரத்தைக் குறிக்கச் சிரில்லிக்கில் ‘யாத்’ என்று தனி எழுத்தே இருந்தது. ‘மிர்’ என்ற சொல்லில் அந்த எழுத்து வராது. போலந்து மொழி இன்றுவரை சாட்சி சொல்கிறது. அங்கே இந்தப் பெயர் ‘வ்லோஜிமியெஷ்’, இதே ஈறுள்ள கசிமிர் என்ற பெயர் ‘கசிமியெஷ்’. ஈற்றில் எகரம் கலையாமல் நிற்கிறது. ‘மிர்’தான் மூலமென்றால் இந்த எகரம் எங்கிருந்து வந்தது?

‘மேர்’ என்பதன் உறவுகள் ஜெர்மானிய மொழிகளில் கிடைக்கின்றன. கோத்திக்கில் ‘மேர்ஸ்’, பழைய உயர் ஜெர்மனில் ‘மாரி’, பழைய நார்ஸில் ‘மேர்’. எல்லாவற்றுக்கும் புகழ்பெற்ற என்பது பொருள். ஐந்தாம் நூற்றாண்டில் கிழக்குக் கோத்தியரை ஆண்ட சகோதரர்களின் பெயர்கள் வலமிர், தியோதிமிர், அதே ஈறு. கோத்தியர் கருங்கடலின் வடகரையில் வாழ்ந்த காலத்தில் ஸ்லாவ் மக்கள் அவர்களுக்கு அண்டையில் இருந்தார்கள். இந்த உறுப்பு கோத்தியரிடமிருந்து வந்த கடனா, இரு இனத்துக்கும் பொதுவான பழஞ்சொத்தா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எதுவானாலும் பொருள் ஒன்று: ஆட்சியால் புகழ் பெற்றவன்.

இந்த விளக்கத்தைத் தம் அகராதியில் நிறுத்தியவர் மாக்ஸ் ஃபாஸ்மர். 1886-இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, பெர்லினில் பேராசிரியராக இருந்தவர். ரஷ்ய மொழியின் வேர்ச்சொல் அகராதிக்கு அவர் ஆண்டுக்கணக்கில் சேர்த்திருந்த குறிப்புகளும் அவருடைய நூலகமும் 1944-இல் பெர்லின் மீது விழுந்த குண்டில் எரிந்தன. மறுபடி தொடங்கினார். அகராதி 1950-இலிருந்து 1958-க்குள் ஹைடெல்பெர்கில் வெளிவந்தது. இன்று யார் ரஷ்யச் சொல் ஒன்றின் வேரைத் தேடினாலும் முதலில் புரட்டுவது அதைத்தான். எரிந்ததை நினைத்து அவர் உட்கார்ந்திருந்தால் இந்தத் துறை ஒரு தலைமுறை பின்தங்கியிருக்கும்.

‘மேர்’ எப்போது ‘மிர்’ ஆயிற்று? வியப்பூட்டும் வகையில் மிகச் சீக்கிரமே. ஜெர்மனியின் மெர்செபுர்கில் ஆயராக இருந்த தீட்மார் 1018-இல் இறந்தார். கீவ் மன்னர் இறந்தது 1015-இல். இருவரும் ஒரே காலத்தவர். தீட்மார் எழுதிய நாளாகமத்தில் கீவ் மன்னரைப் பெண்பித்தர் என்று கண்டிக்கிறார். கையோடு பெயரையும் பிடித்துக்கொள்கிறார். இவருக்கு ‘அமைதியின் ஆற்றல்’ என்று பொருள்படும் பெயர் பொருந்தவே இல்லை, ஏனென்றால் தீயவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொள்வது உண்மையான அமைதி ஆகாது என்பது அவர் வாதம். தீட்மாரின் மறைமாவட்டத்தில் ஸ்லாவ் மக்கள் நிறையப் பேர் வாழ்ந்தார்கள். அவர்கள் மொழி அவருக்கு ஓரளவு தெரியும். அப்படிப்பட்டவர் காதில் ஈறு ‘மிர்’ என்றே விழுந்திருக்கிறது. கீவ் காசிலும் ‘மிர்’ வந்துவிட்டதைப் பார்த்தோம். பழைய பொருள் மறந்துபோன ஓர் உறுப்பை, மக்கள் தமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிக் கேட்டார்கள். உலகத்தில் எந்த மொழியும் இதற்கு விலக்கல்ல.

அதனால் ‘அமைதி’ என்ற பொருளைப் பொய் என்று தள்ளிவிட முடியுமா? என் கருத்து இது: பிறப்பைக் கேட்டால் ‘புகழ்’, ஆயிரம் ஆண்டு வாழ்வைக் கேட்டால் ‘அமைதி’யும் ‘உலகமும்’. ஆனால் பெயர் நூல்கள் இரண்டாவதை முதலாவதாகச் சொல்லி அச்சிடுவது தவறு.

இந்தப் பெயரை மன்னருக்கு வைத்த குடும்பத்தையும் கவனிக்க வேண்டும். கீவை ஆண்ட குலம் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தது. முன்னோர் பெயர்களே அதைக் காட்டும்: ஓலேக் என்பது ஹெல்கி, ஈகோர் என்பது இங்வர், ஓல்கா என்பது ஹெல்கா. ஈகோருக்கும் ஓல்காவுக்கும் பிறந்த மகனுக்கு ‘ஸ்வியாதொஸ்லாவ்’ என்று முழு ஸ்லாவ் பெயர் வைத்தார்கள். அவர் மக்களுள் ஒருவர் யாரொபோல்க், இன்னொருவர் நம் வொலொதிமேர். இரண்டு தலைமுறையில் வடபுலத்துக் குடும்பம் ஸ்லாவ் குடும்பமாகிவிட்டதைப் பெயர்களே பதிந்து வைத்திருக்கின்றன. வொலொதிமேர் என்ற தேர்வில் ஒரு வசதியும் இருந்தது. வடபுலத்துக் காதுக்கு அதன் இரண்டு உறுப்பும் புரியும்: ‘வல்த்’ ஆட்சி, ‘மேர்’ புகழ். ஐஸ்லாந்துக் கதைகளில் இம்மன்னர் ‘வல்தமார்’ என்றே வருகிறார். அந்நியர் பெயராகவே ஒலிப்பதில்லை. நாளாகமத்தின்படி அவர் தாய் மாலுஷா, ஓல்காவின் வீட்டில் சாவிக்கொத்து வைத்திருந்த பணிப்பெண். அடிமைப் பெண்ணின் மகன் என்ற ஏச்சை அவர் கேட்க நேர்ந்தது. ஆனாலும் அவருக்குக் கிடைத்தது ஆளும் குலத்தின் பெயர்.

திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர் வசீலி. பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பசிலின் தங்கை அன்னாவை மணந்தவர். மைத்துனரின் பெயரையே வசீலி என்ற ஸ்லாவ் வடிவில் ஏற்றார். அன்று தொடங்கி, ரூஸ் எனப்பட்ட அந்தக் கீவ் நாட்டின் இளவரசர்கள் இரட்டைப் பெயரோடு வாழ்ந்தார்கள்: சபைக்கு ஒன்று, குலத்துக்கு ஒன்று. அவருடைய கொள்ளுப்பேரன் விளாதிமிர் மோனோமாக் தம் மக்களுக்கு எழுதிய அறிவுரையில், தமக்குத் திருமுழுக்குப் பெயர் வசீலி என்றும் ‘ரூஸ் பெயர்’ வொலொதிமிர் என்றும் தம் கையாலேயே பிரித்துக் காட்டுகிறார். ஆக அந்தக் காலத்தில் இது கிறிஸ்தவப் பெயர் அல்ல. அரச குலத்துக்கு வெளியே எவரும் தம் பிள்ளைக்குச் சாதாரணமாக வைத்துக்கொள்ளும் பெயரும் அல்ல.

மோனோமாக்கின் பெயர் கடல் கடந்தது. அவர் பேத்தி இங்கெபோர்க் டென்மார்க்கின் இளவரசர் க்னூத் லாவார்தை மணந்தாள். 1131 ஜனவரி 7 அன்று காட்டில் வைத்து லாவார்தை அவர் உறவினரே கொன்றார். ஒரு வாரத்தில், ஜனவரி 14 அன்று, இங்கெபோர்க்குக்கு ஆண் குழந்தை பிறந்தது. கணவன் வீட்டு ஆட்களே கணவனைக் கொன்றிருந்த நிலையில் அவள் குழந்தைக்குத் தன் பாட்டன் பெயரை வைத்தாள்: வல்தெமார். 1157-இல் அந்தப் பிள்ளை டென்மார்க்கின் மன்னனாகி, 1182 வரை ஆண்டான். பின்னால் அதே பெயரில் மேலும் மூன்று மன்னர்கள் அந்நாட்டுக்கு வந்தார்கள். ஸ்காண்டிநேவியாவிலும் ஜெர்மனியிலும் வல்தெமார் இன்று உள்ளூர்ப் பெயர். கீவ் நகரத்துப் பாட்டனார் அதற்குள் இருப்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் நெருக்கமான பக்கம் இது. தாய் வைத்த பெயர் ஒரு நாட்டின் அரச பெயராகிவிட்டது.

தெற்கே இந்தப் பெயரின் சுவடு இன்னும் பழையது. பல்கேரியாவின் முதல் கிறிஸ்தவ அரசரான போரிசின் மகன் விளாதிமிர் ரசாத்தே 889-இல் அரியணை ஏறி, பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தான். துறவியாகிவிட்ட தந்தை மடத்திலிருந்து வெளியே வந்து, 893-இல் மகனை இறக்கிக் கண்ணைக் குருடாக்கினார். கீவில் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தவரின் பெயரும் பல்கேரியாவில் அதை விரட்ட முயன்றவனின் பெயரும் ஒன்றே. இன்றைய மொண்டெனெக்ரோ நிலத்தை ஆண்ட யோவான் விளாதிமிர் 1016 மே 22 அன்று பிரெஸ்பாவில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார். செர்பியர் புனிதராகக் கொண்டாடும் முதல் ஆட்சியாளர் அவர். அவர் கையில் இருந்ததாக நம்பப்படும் சிலுவையைப் பார் நகருக்கு அருகில் ஒரு குடும்பம் தலைமுறைதோறும் பாதுகாக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் அதை ஏந்திக்கொண்டு மக்கள் ரூமியா மலையுச்சிக்கு ஏறுகிறார்கள்.

ஊர்ப் பெயர்களுக்கு வருவோம். பழைய ஸ்லாவ் மொழியில் ஆள் பெயரின் கடைசி மெய்யை மென்மையாக்கினால் ‘அவருடைய’ என்று பொருள். யாரொஸ்லாவின் ஊர் யாரொஸ்லாவ்ல் ஆனது இப்படித்தான். வொலொதிமேரின் ஊரும் அப்படியே. மேற்கு உக்ரைனின் வொலீன் பகுதியில் கீவ் மன்னரின் பெயரால் ஒரு நகரம் எழுந்தது. மாஸ்கோவுக்குக் கிழக்கே கிளியாஸ்மா ஆற்றங்கரையில் இன்னொன்று. இரண்டாவதை 1108-இல் மோனோமாக் நிறுவினார் என்பது மரபு. வொலீன் நகரை இலத்தீனில் எழுதியவர்கள் முதல் எழுத்தை விழுங்கி ‘லொதொமேரியா’ என்றார்கள். ஹங்கேரி மன்னர்கள் அதைத் தங்கள் பட்டங்களில் சேர்த்துக்கொண்டார்கள். 1772-இல் போலந்தைப் பங்குபோட்டபோது, ஹங்கேரி முடியின் பழைய உரிமையைக் காட்டி, ஆஸ்திரியா தனக்குக் கிடைத்த நிலத்துக்குக் ‘கலிசியா லொதொமேரியா அரசு’ என்று பெயரிட்டது. 1918 வரை வரைபடங்களில் இருந்த அந்தப் பெயருக்குள் கீவ் மன்னர் அடையாளம் தெரியாமல் இருந்தார்.

கிளியாஸ்மா ஆற்றங்கரை நகருக்கு வேறு நினைவுகள். 1155-இல் இளவரசர் ஆந்திரேய் பொகொல்யூப்ஸ்கி கீவுக்கு அருகிலிருந்து எடுத்துச் சென்ற பைசாந்திய மாதா ஓவியம் அங்கே வந்து சேர்ந்து, ‘விளாதிமிர் மாதா’ ஆயிற்று. மாஸ்கோவிலிருந்து அந்நகருக்குப் போகும் சாலையின் பழைய பெயர் ‘விளாதிமிர்கா’. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகளை விலங்கிட்டு நடத்திச் சென்றது அந்தச் சாலையில்தான். 1892-இல் ஓவியர் லெவிதான் அதை வரைந்தார். மனிதர்கள் பெரும்பாலும் இல்லாத, அகன்ற, வெறும் மண்பாதை. ஒரு தலைமுறை ரஷ்யர்களுக்கு ‘விளாதிமிர்’ என்ற சொல் அரசனையோ அமைதியையோ நினைவூட்டவில்லை. சங்கிலிச் சத்தத்தைத்தான் நினைவூட்டியது.

கீவ் மன்னர் புனிதராகி, ஜூலை 15 அவர் நாளாகத் திருச்சபை நாட்காட்டியில் ஏறிய பிறகே, இந்தப் பெயரைக் குருமார் எந்தக் குழந்தைக்கும் வைக்க வழி பிறந்தது. அப்போதும் குடியானவர் வீடுகளில் இவான்களும் வசீலிகளுமே மிகுதி. விளாதிமிர் நெடுங்காலம் பிரபுக்களின் பெயராகவே இருந்து, 19-ஆம் நூற்றாண்டில் கீழே பரவியது. இரண்டாம் கேத்தரின் 1782-இல் புனித விளாதிமிர் விருதை ஏற்படுத்தினார். அதன் உயர்ந்த படிகளைப் பெற்றவர் குடும்பம் பரம்பரைப் பிரபுக் குடும்பமாகும். 1882-இல் அவ்விருதின் மூன்றாம் படியைப் பெற்றவர்களில் சிம்பீர்ஸ்க் நகரத்துக் கல்வி அதிகாரி இல்யா உல்யானோவும் ஒருவர். அவருக்கு 1870-இல் பிறந்த மகனின் பெயர் விளாதிமிர். உலகம் அவரை லெனின் என்று அறியும்.

தமிழ்நாட்டில் லெனின் என்று பெயர் சூட்டிக்கொண்ட பிள்ளைகள் ஏராளம். விளாதிமிர்கள் மிக அரிது. லெனின் என்பது புனைபெயர், பெற்றோர் வைத்தது விளாதிமிர் என்பது அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பள்ளிக்கூடம் தாண்டித்தான் தெரிந்திருக்கும். சோவியத் ரஷ்யாவிலோ இரண்டையும் ஒட்டி ‘விளாத்லேன்’ என்று புதுப் பெயரே உருவாக்கினார்கள். ‘விலேன்’, லெனினைத் திருப்பிப் போட்ட ‘நினேல்’ என்றும் பெயர்கள் உண்டாயின. புனிதரின் பெயர் புரட்சித் தலைவரின் பெயராகவும் ஆனதால், மதம் விலக்கப்பட்ட நாட்டிலும் அது தளரவில்லை. சோவியத் காலத்தின் மிகப் பரவலான ஆண் பெயர்களுள் ஒன்றாக நின்றது.

அன்பாகக் கூப்பிடும்போது வொலோத்யா, வோவா. சிறு பையனானால் வோவொச்கா. ரஷ்ய நகைச்சுவைத் துணுக்குகளில் வாத்தியாரைத் திணறடிக்கும் குறும்புக்காரப் பையனின் பெயர் எப்போதும் அதுதான். ‘விளாத்’ என்பது அவர்கள் காதுக்கு விளாதிஸ்லாவ் என்ற வேறு பெயரின் சுருக்கம். மேற்கத்திய இதழ்கள் ரஷ்ய அதிபரை ‘விளாத்’ என்று எழுதுவதும், அதைப் பார்த்து நம்மவர் சிலர் எழுதுவதும் பிழை.

போலந்துக்காரர்களின் வழக்கத்தில் ஒரு நுட்பம் உண்டு. லெனினை அவர்கள் தங்கள் வடிவத்தில் ‘வ்லோஜிமியெஷ்’ லெனின் என்பார்கள். புதினை ரஷ்ய ஒலிப்படியே எழுதுகிறார்கள். பெலாரூசியருக்கு இதே பெயர் ‘உலாஜிமிர்’. அங்கே முதலில் நிற்கும் வகரம் மெய்க்கு முன்னால் உகரமாகிவிடும். அதில் ‘வொலொ’ இல்லை என்பதால், பெலாரூசிய வடிவமும் திருச்சபை வழி வந்தது என்று கண்டுகொள்ளலாம். உக்ரைனிய மொழி ஒன்றுதான் பழைய கிழக்கத்தி வடிவத்தை முழுப் பெயராக, பிறப்புப் பதிவேட்டில் எழுதும் பெயராக, இன்றுவரை வைத்திருக்கிறது. கீவ் மன்னரின் பேச்சு வடிவத்துக்கு மிக அருகில் இருப்பது வொலொதிமிர்தான். இதில் எனக்கு ஐயமில்லை.

பேரரசு இதை ஏற்கவில்லை. ரஷ்யப் பேரரசின் ஆவணங்களில் எல்லா வொலொதிமிரும் விளாதிமிர் ஆக்கப்பட்டார்கள். 1795-இல் வொலீன் நகரம் ரஷ்யாவின் கைக்கு வந்ததும், கிளியாஸ்மா நகரிலிருந்து பிரித்துக் காட்ட ‘விளாதிமிர் வொலீன்ஸ்கி’ என்று ஒட்டுப் போட்டார்கள். மூத்த நகரம் இளைய நகரத்துக்காக அடைமொழி சுமந்தது. 2021 டிசம்பரில் உக்ரைன் நாடாளுமன்றம் அந்த ஒட்டை நீக்கியது. இப்போது அது வெறும் வொலொதிமிர். ஆட்களின் பெயரிலும் இந்த இரட்டை வழக்கு உண்டு. நிலவியல் அறிஞர் வெர்னாத்ஸ்கி பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். 1918-இல் உக்ரைன் அறிவியல் கழகத்தின் முதல் தலைவரானார். ரஷ்ய நூல்களில் விளாதிமிர், உக்ரைனிய நூல்களில் வொலொதிமிர். உக்ரைனின் ஆயிரம் ஹ்ரிவ்னா நோட்டில் இருப்பவர் இவர். ஒரு ஹ்ரிவ்னாவில் இருப்பவர் கீவ் மன்னர். நம் வாசகர் ‘கண் தெரியாத இசைஞன்’ நாவலின் ஆசிரியராக அறிந்த கொரலேன்கோவும் இன்றைய உக்ரைனின் ஷித்தோமிரில் 1853-இல் பிறந்தவர்தான். அவர் எழுதியது ரஷ்ய மொழியில், எனவே அவர் விளாதிமிர்.

கீவில் தினீப்ரோ ஆற்றைப் பார்த்தபடி மன்னரின் சிலை நிற்பதும் அதே 1853 முதல். மாஸ்கோவில், கிரெம்ளின் மதிலை ஒட்டிய பொரொவீத்ஸ்கயா சதுக்கத்தில், 17.5 மீட்டர் உயரத்தில் 2016 நவம்பர் 4 அன்று இன்னொரு சிலை திறந்தார்கள். திறந்து வைத்தவர் பெயர் விளாதிமிர், அவர் தந்தை பெயரும் விளாதிமிர். அந்த மன்னர் வாழ்ந்தபோது மாஸ்கோ என்ற ஊரை எந்த ஏடும் குறிக்கவில்லை. நாளாகமத்தில் அதன் முதல் குறிப்பே 1147-இல்தான். 2014 மார்ச் 18 அன்று கிரிமியாவை இணைத்துக்கொண்ட உரையில், மன்னர் திருமுழுக்குப் பெற்ற கெர்சொனேஸ் அங்கே இருப்பதைப் புதின் ஒரு காரணமாக எடுத்துச் சொன்னார். ஒரு பெயருக்கு வாரிசு யார் என்ற வழக்கை மொழியியல் தீர்த்துவைக்க முடியாது. ஆனால் எந்த வடிவம் யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. போருக்குச் சாக்காக வரலாற்றைத் திரிப்பவர்கள் அதைக் கேட்கத்தான் விரும்புவதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். செய்தித்தாள்களில் ‘விளாடிமிர்’ என்றும் ‘வொலோடிமைர்’ என்றும் பார்க்கிறோம். இவை ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியவை. ஸ்லாவ் மொழிகளின் ‘த’ பல்லில் நா படும் ஒலி. நம் ‘த’ அதற்கு அச்சாகப் பொருந்தும். ஆங்கிலத்துக்கு அந்த ஒலி இல்லாததால் அவர்கள் தடுமாறலாம், நமக்கு ‘ட’ போட வேண்டிய தேவையே இல்லை. உக்ரைனிய வடிவத்தின் கடைசி அசையில் ஐகாரமும் கிடையாது. அது குறுகிய இகரத்துக்கு நெருங்கிய ஒலி. ரஷ்ய நூல்களை நேரடியாகத் தமிழாக்கியவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே ‘விளாதிமிர்’, ‘தஸ்தயேவ்ஸ்கி’ என்று சரியாக எழுதிக் காட்டிவிட்டார்கள். ரஷ்யரானால் விளாதிமிர், உக்ரைனியரானால் வொலொதிமிர், டென்மார்க்குக்காரரானால் வல்தெமார் என்று அவரவர் மொழிப்படி எழுதுங்கள். பிள்ளைக்கு இந்தப் பெயரை வைப்பவர் யாராவது பொருள் கேட்டால், ஆட்சியால் புகழ் பெற்றவன் என்று சொல்லுங்கள்.